லோறன்ஸ் அண்ணையின்ர சீதனக் காணி

ஹனோவரில இருக்கிற எங்கட சனத்திட்ட லோறன்ஸ் அண்ணையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ, ஆளுக்கொரு கதை சொல்லுவினம். மனிசிக்காரி ஏமாத்திப்போட்டாள் எண்டு கொஞ்சப்பேர். மனிசனுக்குப் பேராசை எண்டு மிச்சப்பேர். ரெண்டும் விசர்க்கதை. நான் அன்ரனிற்றா. பதினாறு வருசம் அவரோட ஒரே பாண் தொழிற்சாலையில, ஒரே பெல்ற்றடியில நிண்டு வேலை செய்தனான். நடந்ததை நான் சொன்னால்தான் சரி, ஏனெண்டால் அதில என்ர கையும் பட்டிருக்கு.

அண்ணை மன்னார்ப் பக்கம், கடற்தொழில் குடும்பம். மூண்டு தங்கச்சிமாருக்கு ஒரே ஒரு தமையன். எங்கட வழக்கம் தெரியும்தானே, வீடும் வளவும் பெட்டையளுக்கு. ஆம்பிளைக்கு வீடெண்டால் அவன்ர மனிசி கொண்டுவாறதுதான். மூத்த தங்கச்சியோட தாய்வீடு போச்சுது. ரெண்டாவதோட தென்னங்காணி போச்சுது. மூண்டாவதுக்குக் குடுக்க வீட்டில ஒண்டுமில்லை எண்டுதான் அண்ணை எண்பத்தைஞ்சில கிழக்கு பேர்ளின் வழியா இஞ்ச வந்து இறங்கினவர். அகதியெண்டு பதிஞ்சு, கோப்பை கழுவி, பாண் சுட்டு, அந்தக் கடைசித் தங்கச்சிக்கும் ஒரு கல்வீடு எடுத்துக் குடுத்துத்தான் மனிசன் மூச்சு விட்டது. அப்ப அவருக்கு வயசு நாப்பத்திநாலு. தலையில பாதி மயிர் இல்லை. தன்ர எண்டு சொல்ல ஒரு முழ நிலமும் இல்லை.

பிறகுதான் ஒதிலியா. இந்தோனேசியாவில புளோரஸ் எண்டொரு தீவு இருக்குது, அங்க கனபேர் எங்களை மாதிரி வேதக்காரர். அந்தத் தீவில ஒரு மலையடிக் கிராமத்தில பிறந்த பிள்ளை, கன்னியாஸ்திரிமாரோட இஞ்ச வந்து, முதியோர் இல்லத்துக் குசினியில வேலைக்கு நிண்டது. நிறம் எங்கட நிறம், சோறு எங்கட சோறு, உறைப்பு மட்டும் எங்களைவிட ஒரு பிடி கூட. கோயில்ல கண்டு, கோயில்லயே பழகி, தொண்ணூற்றிநாலில கலியாணமும் முடிஞ்சுது. நாலு வருசத்துக்குள்ள எங்கட தமிழை எங்களை மாதிரியே கதைச்சுது அந்தப் பெட்டை. ரெலிபோனில குரலைக் கேட்டால் மன்னார்ப் பேசாலைக்காரி எண்டு நினைப்பியள். பிள்ளையள் கிடைக்கேல்லை. ஆனால் ரெண்டும் நல்ல ஒற்றுமை, அதை நான் கண்ணால கண்டனான்.

அண்ணைக்கு ஒரே ஒரு மனவருத்தம். ஊரிலயிருந்து தங்கச்சிமார் ரெலிபோன் எடுக்கேக்க, சுத்திவளைச்சு அந்த ஒரு கேள்விக்கு வருவினம், அண்ணி என்ன கொண்டுவந்தவ எண்டு. தாங்கள் மூண்டுபேரும் அவரின்ர முதுகில ஏறிக் கரைசேர்ந்தவளவை, கேக்கிற கேள்வியைப் பாருங்கோ! மனிசன் கதையை மாத்தும். அடுத்தநாள் பெல்ற்றடியில முகத்தைத் தூக்கிவைச்சுக்கொண்டு நிக்கும். எனக்கு விளங்கும்.

இரண்டாயிரத்தொண்டில ரெண்டுபேரும் முதல்முறையா ஒதிலியாவின்ர ஊருக்குப் போட்டு வந்தினம். வந்தவரின்ர நடையே வேற. சாப்பாட்டு இடைவேளையில படங்களை எடுத்துப் பரப்பினார். ஒரு சரிவு, அஞ்சாறு தென்னை, ஒரு பெரிய கறுப்புக் கல்லு. ஒதிலியாவின்ர தமையன், கொர்னேலிஸ் எண்டு பேர், அவரை அங்க கூட்டிக்கொண்டுபோய், தென்னையிலயிருந்து கல்லுவரைக்கும் கையை நீட்டிக் காட்டிப் பத்து நிமிசம் கதைச்சவராம். ஒதிலியா அதை ஒரே வரியில தமிழில சொன்னவவாம், இதில வீட்டைக் கட்டட்டாம் எண்டு. அண்ணை காலடியால அளந்துபோட்டு வந்திருக்கிறார். கிட்டத்தட்ட ஆறு பரப்பு.

"சீதனக் காணி, அன்ரனிற்றா," எண்டார். "கேக்காமலே தந்திருக்கினம்."

அண்டைக்குப் பின்னேரமே மூண்டு தங்கச்சிமாருக்கும் ரெலிபோன் போனது. எனக்கும் சந்தோசம்தான், ஏன் பொய் சொல்லுவான்.

என்ர மனிசன் எமில் ஒரு சந்தேகப் பிராணி. காணி உறுதிப் பத்திரம் ஆற்ர பேரில எண்டு கேட்டார். அண்ணை சொன்னார், வெளிநாட்டுக்காரன்ர பேரில அங்க காணி எழுத ஏலாதாம், தனியாள் பேரில எழுதுறதே அந்த ஊரில குறைவாம், காணியெண்டது குடும்பம் முழுதுக்கும் பொதுவாம், கடதாசி கொர்னேலிஸிட்டக் கிடக்குதாம். எமில் என்னைப் பாத்தார். உறுதியில்லாத காணியில கல்லு வைக்கிறவன் எங்கட ஆக்களில ஆரும் இருக்கினமோ? நானும் வாயைத் திறந்தனான். அதுக்கு அண்ணை சிரிச்சுப்போட்டு, பெட்டைக்குக் குடுத்த சீதனத்தில சகோதரம் கைவைக்குமோ, அப்பிடி எங்கயேன் கேள்விப்பட்டிருக்கிறீரோ எண்டு கேட்டார். நான் கேள்விப்படேல்லைத்தான். எங்கட ஊர்வழிய நடக்காத விசயம். அதோட நானும் அடங்கிப்போனன்.

அந்த ஊர்ப் புதினங்களை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்பம். அங்க வேலியே இல்லையாம். ஒருத்தன்ர முற்றத்தால மற்றவன் தன்ர பாட்டுக்குப் போய் வருவானாம். நிலம் ஒருத்தற்ர, அதில நிக்கிற மரம் வேற ஒருத்தற்ர எண்டும் இருக்குதாம், நட்டவனுக்குத்தானாம் மரம். எங்கட ஆள் சும்மா இருப்பாரோ? காணி கிடைச்ச மூண்டாம் நாளே கத்தியை எடுத்து வேலிக்குக் கதியால் வெட்டி, நூல் பிடிச்சு, எல்லையில ஊண்டிப்போட்டார். விடிய எழும்பிப் பாத்தால் ஒரு கதியாலும் இல்லை. எல்லாத்தையும் பிடுங்கி, மாமியாரின்ர அடுப்படியில வடிவா அடுக்கி வைச்சிருக்கினமாம். மருமகன் விறகு வெட்டித் தந்தது எண்டு கிழவிக்கு ஒரே புளுகமும் சந்தோசமுமாம்.

இன்னொண்டும் சொல்லவேணும். ஒவ்வொருமுறை வரேக்கையும் பெட்டி நிறையக் கைத்தறிச் சீலையள் குடுத்துவிடுவினம். போயிறங்கின அண்டைக்கு விருந்துக்கு ஒரு பண்டி விழும். இதெல்லாம் மாப்பிள்ளை மரியாதை எண்டு அண்ணை நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுவார். அந்தச் சீலையில ஒண்டு எனக்கும் தந்தவர், இப்பவும் அலுமாரியில கிடக்கு.

கலியாணம் செய்து பார், வீட்டைக் கட்டிப் பார் எண்டு சும்மாவோ சொன்னவை. அஞ்சு வருசம் அந்த மனிசன் பட்ட பாட்டை நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். நத்தாருக்கும் வேலை, பெரிய வெள்ளிக்கும் வேலை. மற்றவை ஊர்லாப் எண்டு லீவு எடுத்தால் அவையின்ர ஷிஃப்ற்றையும் தான் செய்வார். ஒதிலியாவும் சும்மா இருக்கேல்லை, சனி ஞாயிறில ரெண்டு ஒபிஸ் கிளீன் பண்ணப் போனவ. வீடு எழும்பினது படம் படமா வந்துது. அத்திவாரம், சுவர், தகரம், நீலக் கதவு. பென்சன் எடுத்த கையோட அங்க போய் இருக்கிறதெண்டு முடிவு. எலி வளையெண்டாலும் தனி வளை வேணும், அன்ரனிற்றா எண்டு சொல்லிச் சொல்லியே இடுப்பு நாரியை முறிச்சார். உண்மையாவே முறிச்சார். இரண்டாயிரத்தாறில வீடு முடிஞ்சு கோயில் சுவாமி வந்து அதை மந்திரிக்கிற நாளிலதான் இவருக்கு நாரியில ஒப்பரேசன். ஒதிலியா தனியத்தான் போனவ. திரும்பி வந்தவவின்ர முகத்தில ஒரு வெளிச்சம். இவ்வளவு வருசத்தில நான் அவவை அப்பிடிக் கண்டதில்லை. வீடு முடிஞ்ச சந்தோசம் எண்டுதான் நானும் நினைச்சன்.

அடுத்த வருசம் ஓகஸ்ற். எங்கட கோயிலின்ர ஜேர்மன் சுவாமி லீவில போக, பதிலுக்கு மூண்டு கிழமைக்கு வெளியிலயிருந்து ஒரு சுவாமி வாறார் எண்டு கோயில் பத்திரிகையில போட்டிருந்தது. பேர் யானுவாரியுஸ். ஊர் புளோரஸ். நான் ஓடிப்போய் ஒதிலியாவுக்குச் சொன்னன், உன்ர நாட்டுச் சுவாமி வாறார் எண்டு. அவ கையைத் துடைச்சுக்கொண்டு அந்தப் பேரை ரெண்டுதரம் வாசிச்சா. பிறகு, ஆஹெனில இருக்கிற என்ர மச்சாள் வீட்டில மூண்டு கிழமை தாங்கள் ரெண்டுபேரும் நிக்கலாமோ எண்டு கேட்டா. எனக்கு மண்டையில ஏறேல்லை. மச்சாள் வீட்டில இடமில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிஞ்சு மண்டபத்தில கோப்பியும் கேக்கும். ஒதிலியா கோப்பி ஊத்திக்கொண்டு நிண்டவ. அண்ணை புது வெள்ளைச் சேட்டோட சுவாமியிட்டப் போய்த் தன்ர பேரைச் சொல்லிக் கைகுடுத்தார். சுவாமி நல்ல டொச், அதுதான் ஜேர்மன் பாசை, கதைச்சார், இஞ்ச பொன் எண்ட பட்டினத்துப் பக்கம் படிச்சவராம். பேரைக் கேட்டதும் அவர் அண்ணையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டார்.

"நீங்கள்தானோ அந்த லோறன்ஸ்? உங்கட வீட்டை நான்தான் மந்திரிச்சனான். எங்கட பக்கம் மாப்பிள்ளைமார் பெலிஸ் குடுத்து முடிக்க இருவது வருசம் இழுப்பினம். நீங்கள் ஒரு வீட்டையே கட்டிக் குடுத்து முடிச்சிட்டியள். கொர்னேலிஸ் குடும்பம் இப்ப ஊரில தலை நிமிந்து திரியுது."

அண்ணை சிரிச்சுக்கொண்டே கேட்டார், பெலிஸ் எண்டால் என்ன எண்டு. சுவாமி பகிடி விடுறார் எண்டு நினைச்சாராக்கும். சுவாமியோ வலு சந்தோசமா விளங்கப்படுத்தினார். அங்க பெட்டை வீட்டார் குடுக்கிறதில்லை, மாப்பிள்ளை வீட்டார்தான் பெட்டைக்காகக் குடுக்கவேணும், குதிரை, பொன், யானைத் தந்தம் எண்டு. அதுதான் பெலிஸ். வாங்கிற பெட்டை வீட்டார் பதிலுக்குச் சீலையும் பண்டியும் குடுப்பினம். ஒண்டும் குடுபடாமல் போன பெட்டையை ஊர் ஒரு மாதிரித்தான் பாக்கும். ஒதிலியாவுக்குப் பன்னிரண்டு வருசமா ஒண்டும் வரேல்லை எண்டு தாய் குனிஞ்ச தலையோட திரிஞ்சவ, இப்பதான் கிழவி கோயில்ல முன்வாங்கில இருக்கிறா எண்டார். வீட்டில இப்ப கொர்னேலிஸின்ர மூத்த மகன் குடும்பமா இருக்கிறானாம்.

என்ர கையில கேக் துண்டு இருந்தது, அது எங்க விழுந்ததெண்டே தெரியாது. அண்ணை மெதுவாத் திரும்பி ஒதிலியாவைப் பாத்தார். அவ கோப்பிப் போத்திலை மேசையில வைச்சா. முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது, எல்லாம் தெரிஞ்சவதான். பெத்த தாய் ஏமாத்தலாம், கூடப்பிறந்தது ஏமாத்தலாம், ஒரே கட்டில்ல படுத்து ஒரே கோப்பையில சாப்பிட்டது ஏமாத்திறதோ? வேலியே பயிரை மேஞ்ச கதை.

அண்ணை நேர எங்கட வீட்டுக்கு வந்திட்டார். எங்கட செற்றியில ஒன்பது நாள். தங்கச்சிமாருக்கு என்னெண்டு சொல்லுறது எண்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மூண்டாம் நாள் ஒதிலியா வந்தவ. நான் கதவைத் திறந்தனே தவிர வா எண்டு சொல்லேல்லை. குசினியில மேசைக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் அவ. எப்பவும் அவவோட நீர், உமக்கு எண்டு கதைக்கிற மனிசன் அண்டைக்கு நீ எண்டார்.

"நீ தெரிஞ்சுகொண்டுதானே செய்தனி?"

"ஓம்," எண்டா ஒதிலியா. பிறகு இருந்து எல்லாத்தையும் சொன்னா. அழேல்லை. தமையன் அண்டைக்குத் தென்னையடியில பத்து நிமிசம் சொன்னது என்னெண்டால், இதில ஒரு வீட்டைக் கட்டிக் குடும்பத்துக்குத் தாங்கோ, ரெண்டு வீட்டுக்கும் இடையில குடுபடாமல் கிடக்கிறது அதோட தீரட்டும் எண்டு. தான் முதல் பாதியை மட்டும் சொன்னதாச் சொன்னா. மற்றப் பாதியைச் சொல்ல வாயெடுத்தவவாம், அதுக்குள்ள அண்ணை காலடியால அளக்கத் தொடங்கியிட்டாராம். அந்த முகத்தைப் பாத்த பிறகு ஏலாமல் போச்சாம். பிறகு நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு சுவர் எழும்பியிட்டுதாம்.

அண்ணை மேசையில அடிச்சார். தான் நாரி முறிய உழைச்சது அவன்ர மகன் படுக்கிறதுக்கோ எண்டு கத்தினார். அப்பதான் ஒதிலியாவுக்கும் கோவம் வந்தது.

"நானும்தானே உழைச்சனான்? உங்கட தங்கச்சிமார் நான் என்ன கொண்டுவந்தனான் எண்டு கேட்டவை. என்ர ஊரில எனக்கு என்ன வந்தது எண்டு கேட்டவை. ரெண்டு பக்கமும் நான்தான் ஒண்டுமில்லாதவள். ஒருக்கால், ஒரு பக்கத்திலயாவது எனக்கொரு மதிப்பு வரட்டும் எண்டு நினைச்சன்."

சொல்லிப்போட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போட்டா. எமில் மெதுவா, அந்தப் பிள்ளை சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு எண்டார். நான் அவரை வாயை மூடச் சொன்னன். எனக்கு அப்ப ஞாயம் தேவைப்படேல்லை. என்ர கூட்டாளியை ஏமாத்திப்போட்டாள் எண்ட ஆத்திரம் மட்டும்தான்.

அண்ணை யானுவாரியுஸ் சுவாமியிட்ட நேர போய்க் கேட்டார், நானும் கூடப் போனனான். இதை மாத்த ஏலுமோ எண்டு. ஏலும் எண்டார் சுவாமி. அவை கள்ளர் இல்லை, நீங்கள் இது பெலிஸ் இல்லை எண்டு எழுதித் தந்தால் நான் ஊர்ப் பெரியாக்களுக்கு முன்னால வாசிக்கிறன், அடுத்தநாளே வீட்டை விட்டிருவினம் எண்டார். ஆனால், அதுக்குப் பிறகு உங்கட மனிசியை ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனீங்களோ எண்டு கேட்டார். என்னைப் பற்றி ஆர் யோசிச்சது எண்டு அண்ணை திருப்பிக் கேட்டார்.

கடிதத்தை டொச்சில எழுதினது நான். அவருக்குக் கதை வரும், எழுத்து வராது. எங்கட குசினி மேசையில இருந்து, அவர் சொல்லச் சொல்ல, சொன்னதைவிட ஒரு படி காரமாவே எழுதினன். வீடு என்னுடையது, நான் ஆருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை, என்ர மனிசிக்காக நான் எதுவும் குடுத்ததா ஆரும் நினைக்கக்கூடாது எண்டு. அந்தக் கடைசி வசனம் என்ர வசனம். எழுதேக்க நல்ல எழுத்தெண்டு எனக்கொரு திமிரும் இருந்தது. சுவாமி அந்தக் கிழமையே கொண்டுபோனார்.

அண்ணை வீட்டுக்குத் திரும்பிப் போனார். வேற எங்க போறது? ஒரே வீட்டில ரெண்டுபேரும் வாடகைக்கு இருக்கிற ஆக்கள் மாதிரிச் சீவிச்சினம். ஒதிலியாவுக்குக் கடிதம் போனது தெரியும், அவர் மறைக்கேல்லை. போகவிடாமல் மறிக்க அவ ஒரு சொல்லும் சொல்லேல்லை. அது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

பதில் மற்ற வருசம் பங்குனியில வந்தது. அண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்து உடன வரச்சொன்னார். போனால் மேசையில ஒரு தடிச்ச கடித உறை. உள்ளுக்கு ஒரு திறப்பு, கொர்னேலிஸ் தங்கட பாசையில எழுதின கடிதம், அதோட சுவாமி அதை டொச்சில பெயர்த்து எழுதின தாள். அண்ணை டொச் தாளை என்ர கையில தந்தார். தங்கட பாசைக் கடிதத்தை ஒதிலியாவுக்கு முன்னால தள்ளிவிட்டார்.

"அவள் தமிழில சொல்லட்டும். நீர் வரிக்கு வரி பாரும், அன்ரனிற்றா. எதையேன் விட்டால் சொல்லும்."

பொலிஸ்காரி மாதிரி நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தன். ஒதிலியா வாசிக்கத் தொடங்கினா. மச்சானுக்கு வணக்கம் எண்டு தொடங்கினது. ஊர் கூடிக் கடிதத்தைக் கேட்டது. மகன் குடும்பம் வெளிக்கிட்டிட்டுது, வீடு கழுவிப் பூட்டிக் கிடக்குது, திறப்பு இதோட வருது. வீடு உங்கடதான், நீங்கள் எப்ப வந்தாலும் சாப்பாடு தருவம், ஒருத்தரும் ஒரு தேங்காயும் தொடமாட்டினம். அதுவரைக்கும் அவவின்ர குரல் ஒரே சீரா வந்தது. என்ர விரல் அந்தத் தாளில அடுத்த வரிக்குப் போனது, வாசிச்சன். இதை மட்டும் விடு பிள்ளை எண்டு மனசுக்குள்ள கும்பிட்டன். விட்டிருந்தால் நான் சத்தியமா வாய் திறந்திருக்கமாட்டன்.

அவ விடேல்லை. "எங்கட தங்கச்சிக்கு ஒண்டும் குடுபடேல்லை எண்டது இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அம்மா கோயிலுக்குப் போறதை விட்டிட்டா. நீங்கள் வாங்கோ, மச்சான். அவளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். அம்மான்ர செத்தவீட்டுக்கும் அவள் வரத் தேவையில்லை."

கடிதத்தை மடிச்சு உறைக்குள்ள வைச்சா. திறப்பை எடுத்து அண்ணைக்கு முன்னால வைச்சா. அவர் அதைத் தொடேல்லை. அவவின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். அவ அவரைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தா.

"நான் ஏதும் விட்டனானோ, அக்கா?"

"இல்லை," எண்டன். "ஒண்டும் விடேல்லை."